வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம்: முதன்முறை வைப்பவர்களுக்கு

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்திருக்கும். இழுத்தடித்துக்கொண்டே இருந்த வீட்டுச் சாவி ஒருவழியாகக் கைக்கு வந்திருக்கும். "ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கணும்" என்ற பேச்சு வீட்டில் அப்போதுதான் எழும். பாஸ்டரிடம் சொன்னால் தேதி கொடுத்துவிடுவார். மீதி எல்லாம் வீட்டுக்காரர் தலையில்.

கோலாலம்பூரில் ஃபிளாட்டிலோ கொண்டோவிலோ இருந்துகொண்டு, முதன்முறையாக இருபத்தைந்து முப்பது பேரை அழைக்கப் போகிறவர்களுக்கு இது. கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்கு அலுவலகத்தில் நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் செபமாலை வைப்பார்கள். கூட்டத்தின் ஒழுங்கு அவர்களுக்கு வேறு. ஆனால் சாட்சி (நடந்ததைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி கூறுவது), விருந்தினர், சாப்பாடு பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டம் பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் ஒன்றில் சாய்ந்துவிடும்: ஒன்று, முக்கால் மணி நேரப் பிரசங்கம், இல்லையென்றால், பிரியாணி விருந்து. இரண்டுமே தப்பில்லை, ஆனால் எதற்காகக் கூப்பிட்டோமோ அது காணாமல் போய்விடும். வீட்டுக்காரர் எழுந்து நின்று, "எங்களுக்கு இது நடந்தது, இதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம்" என்று சொல்லும் நான்கு நிமிடம்தான் அன்றைய நிகழ்ச்சி. பாட்டு, ஜெபம், நாற்காலி, மீகூன் (அரிசிச் சேமியா) எல்லாம் அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்: நோட்டுப் புத்தகம்

தேதி குறித்த அன்றே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எதற்கெல்லாம் நன்றி என்று தினமும் படுக்கும் முன் மூன்று வரி, அதற்கு மேல் வேண்டாம். 103ஆம் சங்கீதத்தின் 2ஆம் வசனம் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. மறதிதான் நன்றிக்கு முதல் எதிரி என்று தாவீதுக்கே தெரிந்திருக்கிறது.

நான்காம் ஐந்தாம் நாளில் இது படுத்துவிடும். "நல்ல சுகம், குடும்பம், வேலை" என்று அதே மூன்று சொல் திரும்பத் திரும்ப வரும். காரணம், நாம் அன்றைய நாளைப் பார்க்காமல் வாழ்க்கையைப் பொதுவாகப் பார்ப்பதுதான். அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்; ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளோ, இடமோ, நேரமோ இருக்கட்டும். "வேலைக்காக நன்றி" என்பது வரி அல்ல. "மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் நின்றுபோனதால் அரை மணி நேரம் தாமதம், சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை" என்பது வரி. எழுதியதில் மனிதர் பெயர் இருந்தால், அன்றைக்கே அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜில் நன்றி சொல்லிவிடுங்கள். மனிதருக்கு நன்றி சொல்லக் கூச்சப்படும் வாய்க்கு, கூட்டத்தில் கடவுளுக்கு நன்றி சொல்வதும் வராது.

மோசமான நாளில் என்ன எழுதுவது? 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும்" ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று சொல்லவில்லை. புற்றுநோய்க்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்த வார்டில் இரவெல்லாம் கூட இருந்த தங்கைக்காகச் சொல்லலாம்.

யாரைக் கூப்பிடுவது

சபையார் பாதி, மற்றவர்கள் பாதி என்றிருந்தால் நல்லது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் பட்டியல் தானாகவே வரும்: ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போன மாமா, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, கடன் கொடுத்த ஆபீஸ் நண்பர். அவர்களில் பலர் இந்துக்களாக இருப்பார்கள். கூப்பிடும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: "சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல நன்றி ஜெபம் வெச்சிருக்கோம் அக்கா. ஒரு மணி நேரம் பாட்டு, ஜெபம் இருக்கும், அப்புறம் சாப்பாடு. நீங்க செஞ்ச உதவியையும் அங்க சொல்லணும்னு ஆசை, அவசியம் வரணும்." வெறும் "சாப்பிட வாங்க" என்று அழைத்துவிட்டு, உள்ளே வந்ததும் பைபிளைக் கையில் கொடுப்பது ஏமாற்று. அடுத்த முறை கதவைத் தட்டினாலும் அவர்கள் வரமாட்டார்கள்.

முஸ்லிம் அண்டை வீட்டார், சக ஊழியர்கள் விஷயத்தில் சட்டம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு அவரவர் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. சிலாங்கூரில் இதற்கென 1988ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கேட்காத முஸ்லிம் ஒருவருக்குப் பிற சமய வெளியீடுகளை அனுப்புவதுகூட அதில் குற்றம். பெட்டாலிங் ஜெயாவும் சுபாங்கும் கிள்ளானும் சிலாங்கூரில்தான் இருக்கின்றன என்பதை கே.எல். ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆகவே கைப்பிரதியோ, ஜெபக் கூட்டத்துக்கு அழைப்போ வேண்டாம். தாமான் வாட்ஸ்அப் குழுவிலும் அழைப்பைப் போடாதீர்கள், அதில் எல்லாரும் இருப்பார்கள். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியம்மா) இரண்டு நாளுக்கு முன்பே "சனிக்கிழமை கொஞ்சம் ஆள் வருவாங்க, ஒன்பதரைக்குள்ள முடிஞ்சிடும்" என்று மலாயில் சொல்லி, ஒரு பை ரம்புத்தானோ ஆரஞ்சோ கொடுத்துவிடுங்கள். சமைத்த உணவைவிட முழுப் பழம் நல்லது. ஹலாலா என்று யோசிக்கும் சங்கடத்தை அது அவருக்கு வைக்காது.

சாட்சியை எழுதுவது

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

நிதானமாகத் தமிழில் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொல் வரும். நான்கு நிமிடம் என்றால் 400 சொல்லுக்குள், நோட்டில் ஒன்றரைப் பக்கம். முதலில் முழுவதையும் எழுதுங்கள். இரண்டு நாள் விட்டு, சத்தமாக வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். ஆறு நிமிடம் வந்தால் குறைக்க வேண்டியது முன்கதையைத்தான்; எல்லாரும் அங்கேதான் நீட்டுவார்கள். கடைசியில் காகிதத்தை ஓரம் வைத்துவிட்டு, உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து வரி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்:

1. எந்த நாள், எங்கே
2. எதற்குப் பயந்தோம்
3. யார் வந்து உதவினார்கள்
4. ஆண்டவரைப் பற்றி அப்போது என்ன தெரிந்தது
5. இன்றைக்கு நிலைமை என்ன

அப்போஸ்தலர் 26ஆம் அதிகாரத்தில் பவுல் அகிரிப்பா ராஜாவின் முன் பேசுவதைப் பாருங்கள்: முன்பு எப்படி இருந்தேன், வழியில் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனேன். அவ்வளவுதான். யோவான் 9இல் பார்வை பெற்றவன் இன்னும் சுருக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்று முடித்துக்கொள்கிறான். இறையியல் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. யாரும் அவனை மறுக்கவும் முடியவில்லை.

சாட்சி சொல்லச் சொன்னால் பலர் வாயில் வருவது இப்படித்தான் இருக்கும்: "கர்த்தர் எங்களை மிகவும் ஆசீர்வதித்தார். சத்துரு எழும்பினான், ஆனாலும் ஜெயங்கொடுத்தார். இன்னும் பெரிய காரியங்களைச் செய்வார்." சபையில் இதற்கு ஆமென் கிடைக்கும். எதிர்வீட்டு அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. என்ன நடந்தது, யார் அந்த எதிரி, கேஸ் ஏதாவதா என்று நினைப்பார்.

இதையே, மாதிரிக்கு, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பிப்ரவரியில ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு அப்பா குளியலறையில விழுந்துட்டார். நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு கே.டி.எம். ரயில்ல இருந்தேன். எதிர்வீட்டு அக்காதான் 999க்கு அடிச்சு, ஆம்புலன்ஸ்ல அப்பாகூட ஏறிப் போனாங்க, காலுல செருப்புகூட இல்லாம. ரயில்ல எனக்கு ஜெபம் பண்ண வார்த்தை வரல. 'ஆண்டவரே, நான் போய்ச் சேர்ற வரைக்கும்'னு மட்டும் சொன்னேன். போய்ச் சேர்ந்தப்போ அப்பா கண் முழிச்சு, 'பசியாறிட்டியா?'ன்னு கேட்டார். நான் கேட்டது அவ்வளவுதான், அதைக் கொடுத்தார். வலது கை இன்னும் சரியா வரல, வாரம் ரெண்டு தடவ பிசியோவுக்குப் போறோம். இருக்கிறதுக்காக இன்னைக்கு நன்றி சொல்றோம்."

இதில் மூன்றைக் கவனியுங்கள். உதவிய மனிதர் உள்ளே இருக்கிறார். கடவுளுக்கு மகிமை சேர்ப்பதாக நினைத்து டாக்டரையும் அக்காவையும் கதையிலிருந்து துடைத்துவிடக் கூடாது. சரியாகாததும் உள்ளே இருக்கிறது. "பூரண சுகம்" என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அப்பா கையைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையுமே சந்தேகப்படுவார்கள். கண்ணில் நிற்கும் சின்ன விவரங்களும் உள்ளே இருக்கின்றன: செருப்பில்லாத கால் ஒன்று, ரயிலில் வந்த அரை ஜெபம் ஒன்று. வசனத்தை மறந்தவர்கள்கூட இவற்றை மறக்கமாட்டார்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. மாத்திரையை நிறுத்தினோம் என்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள், கேட்கும் சர்க்கரை நோயாளி ஒருவர் நாளைக்கே நிறுத்திவிடுவார். பணத் தொகை வேண்டாம். மனைவியின் கருச்சிதைவு, மகனின் போதைப் பழக்கம், தம்பியின் கடன் போன்றவை அவர்களுடைய கதைகள். அவர்கள் வாயால் சம்மதம் சொல்லாமல் ஒரு வரிகூட வரக் கூடாது. "வீட்டுக்காரர்தானே, ஒன்றும் சொல்லமாட்டார்" என்பது சம்மதம் ஆகாது.

சபைத் தமிழ், வீட்டுத் தமிழ்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். கூட்டம் கெடுவது பல நேரம் இங்கேதான். நாம் தினமும் புழங்கும் சொற்களில் பாதிக்கு வெளியே வேறு பொருள். "அபிஷேகம் இறங்கியது" என்றால் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பவர் காதில் பாலும் பஞ்சாமிர்தமும்தான் விழும். "ஊழியத்துக்குப் போகிறேன்" என்றால் எந்தக் கம்பெனி என்பார். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்று முன்பின் இல்லாமல் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடும். "சாட்சி" என்றால் கோர்ட். அதனால் பாஸ்டர் "இப்போது சகோதரர் சாட்சி சொல்வார்" என்பதற்குப் பதில் "நடந்ததைச் சொல்வார்" என்று அழைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

கிருபை என்பதை "நமக்குத் தகுதி இல்லாமலே கிடைத்தது" என்று ஒரு முறை விரித்துவிட்டால், பிறகு கிருபை என்றே சொல்லலாம். எல்லாச் சொல்லையும் மாற்றிக்கொண்டிருந்தால் பேச்சு செயற்கையாகிவிடும். இரண்டு மூன்றை விளக்கினால் போதும். ஆனால் ஒன்றில் சலுகையே கிடையாது: மற்றவர் வணங்கும் தெய்வத்தைப் பிசாசு, விக்கிரகம் என்று அந்த அறையில் யாரும் பேசக் கூடாது. பாட்டிலும் ஜெபத்திலும்கூட அது நுழையாதபடி, ஜெபம் செய்யப் போகிறவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். 1 பேதுரு 3:15 நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறது: சாந்தத்தோடும் வணக்கத்தோடும்.

தேசியப் பள்ளியில் படித்த இளையவர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டுத் தாளில் ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறு பக்கம் அதே பாட்டை ரோமன் எழுத்தில் அடியுங்கள். மூன்று பாட்டு, 30 தாள்.

அன்று மாலை

காவலாளியிடம் கார் எண்களின் பட்டியலைப் பிற்பகலிலேயே கொடுத்துவிடுங்கள். கொண்டோ என்றால் விருந்தினர் பார்க்கிங் எத்தனை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, மிஞ்சுபவர்களுக்கு வெளியே எங்கே நிறுத்தலாம் என்பதை முன்பே மெசேஜில் அனுப்புங்கள். முப்பது ஜோடி செருப்பு வராந்தாவை அடைத்துவிடும். மற்ற வீட்டார் நடக்கும் வழியும், தீ விபத்தில் வெளியேறும் பாதையும் அதுதான். வாசலுக்கு உள்ளே ஒரு பழைய பாயை விரித்து அதில் அடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு 15 பிளாஸ்டிக் நாற்காலி போதும், மற்றவர்கள் பாயில். மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டவே வேண்டாம். ஹாலில் முப்பது பேருக்குத் தொண்டை போதும், மேனேஜ்மென்டுக்குப் புகார் போவது பெரும்பாலும் ஸ்பீக்கரால்தான்.

நேரத்தைக் குறிக்கும்போது மசூதியின் பாங்கு (தொழுகை அழைப்பு) நேரத்தையும் பாருங்கள். கோலாலம்பூரில் மஃரிப் (அந்தி) பாங்கு வருடம் முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையிலும், இஷா (இரவு) 8.10க்கும் 8.45க்கும் இடையிலும் வரும். அன்றைய நேரத்தைக் கைபேசியில் பார்த்து, அந்த ஐந்து நிமிடத்தில் பாட்டு வராதபடி ஒழுங்கு போடுங்கள். 7.45க்கு வரச் சொல்லி, சரியாக 8 மணிக்குத் தொடங்கினால் இப்படி வரும்: இரண்டு பாட்டும் ஆரம்ப ஜெபமும் பத்து நிமிடம், 103ஆம் சங்கீதம், 22 வசனம், ஆளுக்கு ஒன்றாக வாசித்தால் நான்கு நிமிடம், உங்கள் சாட்சி நான்கு நிமிடம், வேறு இருவர் நன்றி சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம், பாஸ்டருக்குப் பன்னிரண்டு நிமிடம், ஜெபம், கடைசிப் பாட்டு. 9 மணிக்குள் இலை போட்டுவிடலாம்.

பன்னிரண்டு நிமிடம் என்பதைப் பாஸ்டரிடம் நேரில், முதல் வாரமே சொல்லுங்கள். "கொஞ்சம் சுருக்கமா, பாஸ்டர்" என்று அன்றைக்கு வாசலில் சொன்னால் அரை மணி நேரம் நிச்சயம். முழங்காலில் நிற்பது, எழுந்து நிற்பது எதையும் விருந்தினரிடம் கட்டாயப்படுத்த வேண்டாம். "உட்கார்ந்தே இருங்கள், கண்ணைத் திறந்திருந்தாலும் சரி" என்று ஒருவர் சொன்னால் போதும். கை தூக்கச் சொல்லும் அழைப்பும் காணிக்கைப் பையும் வீட்டுக் கூட்டத்தில் வேண்டாம். ஸ்தோத்திரக் காணிக்கையை உறையில் போட்டு, எதற்காக என்று ஒரு வரி எழுதி, ஞாயிறு ஆராதனையில் படைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு, முப்பது பேருக்கு

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டும் கிடையாது. புரட்டாசி மாதம், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, முழுக்கச் சைவம் வையுங்கள். அதிலும் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் அதிகம். தைப்பூசத்துக்கு முன்பும் அப்படியே. மற்ற நாட்களில் கோழிப் பிரட்டல் வைத்தால், சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஒரே கரண்டியை இரண்டிலும் போட்டால் சைவக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

எளிதான பட்டியல்: சைவ மீகூன் பிரட்டல், கடலைச் சுண்டல், வெட்டிய பப்பாளி, தேநீர். மீகூன் 400 கிராம் பாக்கெட் 6. அறை வெப்பத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊற வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் குழைந்து, சட்டியில் துண்டு துண்டாக உடைந்துவிடும். ஆறு பாக்கெட்டையும் ஒன்றாகக் கொட்டினாலும் அதே கதி, இரண்டு இரண்டு பாக்கெட்டாக மூன்று தடவை பிரட்டுங்கள். காய் இரண்டரைக் கிலோ, தவ்ஹூ (டோஃபு) 15 துண்டு. கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ, முதல் நாள் இரவே ஊறப்போட்டால் இரண்டு மடங்காகும். தேநீருக்கு 5 லிட்டர் தண்ணீர், பால் டின் 2. சர்க்கரை நோயாளிகளுக்குச் சீனி போடாத தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஒரு ஃப்ளாஸ்க்.

சாப்பிடும் நேரத்தில் விருந்தினரின் பக்கத்தில் சபையார் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அன்பில்தான், ஆனால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். ஒரு விருந்தினருக்கு ஒருவர் போதும். அவர் முதலில் கேட்க வேண்டியது "பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?" போன்ற சாதாரணக் கேள்விதான்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

மறுநாள் வந்தவர்களுக்குத் தனித்தனியாக நன்றி மெசேஜ், ஒரே ஒரு முறை. அவர்கள் எண்ணைத் தினசரி வசனக் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு வரும் வசனத்தை யாரும் வாசிப்பதில்லை, மியூட் போடுகிறார்கள்.

யாராவது பிறகு மாமாக் கடையில் தேநீர் குடிக்கும்போது, "அன்னைக்குச் சொன்னீங்களே, நிஜமாவே பயமா இல்லையா?" என்று கேட்கலாம். அப்போது அட்டையில் இருந்த நான்காம் வரியை மட்டும், அரை நிமிடத்தில் சொல்லுங்கள். மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம். அவர் தன் கவலையைச் சொன்னால், "உங்களுக்காக இப்பவே ஜெபிக்கட்டுமா, இல்ல வீட்டுல போய் ஜெபிக்கட்டுமா?" என்று இரண்டு வழியும் கொடுங்கள். இப்போதே என்றால் இரண்டு மூன்று வாக்கியம், தணிந்த குரலில், தலையில் கை வைக்காமல். வீட்டில் என்றால் உண்மையாகவே செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அவர்கள் தீபாவளிக்குக் கூப்பிட்டால் போங்கள். நம் வீட்டில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் அவர்கள். பிரசாதம் வாங்குவது பற்றிச் சபைக்குச் சபை, ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசித்து, உங்கள் பாஸ்டரிடம் பேசி முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதில்லை என்றால் தட்டு நீட்டும்போது விளக்கவுரை வேண்டாம். "அதை மட்டும் நான் எடுக்கிறதில்லக்கா, தப்பா நினைக்காதீங்க. முறுக்கு குடுங்க, அது உங்க கைல செஞ்சதுதானே?" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்து முறுக்குக்குப் போய்விடும்.

இரவல் வாங்கிய நாற்காலிகளை ஞாயிறு ஆராதனைக்கு முன்பே சபையில் கொண்டுபோய் அடுக்குங்கள். சனிக்கிழமைக் கூட்டம் என்றால் அன்றிரவே காரில் ஏற்றிவிடுவது நல்லது.